சாவித்திரிபாய் புலே: எங்கள் மாலை வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டத்தில் வேதாளைப் பக்கம் கடலை ஒட்டிய ஓர் ஊரில் ஆறு வருடமாக மாலை வகுப்பு எடுக்கிறேன். சமுதாயக் கூடத்தின் ஒரு பாதியில் வலை கிடக்கும், மறு பாதியில் நாங்கள் உட்கார்ந்திருப்போம். பழைய புத்தகங்களோடு வந்த ஒரு படத்தை மூன்று வருடத்துக்கு முன் சுவரில் மாட்டினேன். நெற்றியில் பெரிய பொட்டு, தலையில் முக்காடு, நேராகப் பார்க்கும் கண்கள். கீழே 'சாவித்திரிபாய் புலே, 1831–1897' என்று மட்டும் எழுதியிருந்தது.

அன்றிலிருந்து கேள்விதான். பிள்ளைகள் கேட்பார்கள், அவர்களைக் கூப்பிட வரும் அம்மாக்கள் கேட்பார்கள், வலை பொத்திக்கொண்டிருக்கும் அண்ணன்மார் தலையை நிமிர்த்தாமலே கேட்பார்கள். ஒன்றையே பத்துத் தடவை சொல்லி அலுத்துப்போய் இதை எழுதி வைக்கிறேன். யார் எப்படிக் கேட்டார்களோ, கேள்வியை அப்படியே விட்டிருக்கிறேன்.

டீச்சர், யாரு இந்தம்மா? சாமியா, கட்சிக்காரவுகளா?

ரெண்டும் இல்லை. என்னை மாதிரி டீச்சர். ஆனால் பெண்பிள்ளை எழுத்துப் படிப்பதே பாவம் என்று ஊர் நினைத்த காலத்து டீச்சர். மகாராஷ்டிராவில் சதாரா மாவட்டத்து நாய்காவ் என்ற கிராமத்தில் 1831 ஜனவரி 3 அன்று பிறந்தார். வாழ்ந்ததும் வேலை பார்த்ததும் பெரும்பாலும் புனே நகரத்தில். பள்ளிக்கூடம் நடத்தினார், கவிதை எழுதினார், விதவைகளுக்கு அடைக்கலம் கொடுத்தார், பஞ்சத்தில் கஞ்சி ஊற்றினார், பிளேக் நோயாளிகளைத் தூக்கிச் சுமந்தார். இதெல்லாம் ஒவ்வொன்றாகக் கீழே வரும்.

'பாய்'னு போட்டிருக்கே, முஸ்லிமா? அப்புறம் எதுக்குப் பொட்டு?

இந்தக் கேள்வியைக் கேட்காத பிள்ளையே எங்கள் வகுப்பில் கிடையாது. பக்கத்து மரைக்காயர்பட்டினத்தில் யாரைப் பார்த்தாலும் 'பாய்' என்று கூப்பிட்டுப் பழகியவர்கள் வேறு எப்படிக் கேட்பார்கள்? நாம் சொல்லும் பாய் என்பது அண்ணன், தம்பி என்று பொருள்படும் உருதுச் சொல். இது வேறு. மராத்தியில் பெண்ணின் பெயருக்குப் பின்னால் மரியாதைக்குச் சேர்ப்பது 'பாயி'. நாம் 'அம்மா' சேர்ப்பதுபோல. லட்சுமிபாய், ரமாபாய் எல்லாம் அந்த வகைதான்.

புலே என்பது புருஷன் வீட்டுப் பெயர். மராத்தியில் 'ஃபூல்' என்றால் பூ. அந்தக் குடும்பத்தின் முன்னோர், அப்போது புனேயை ஆண்ட பேஷ்வாக்களின் அரண்மனைக்குப் பூ கொடுத்துவந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பூக்காரர் வீடு என்று நம் ஊரில் சொல்வதில்லையா, அப்படி. தோட்ட வேலை செய்யும் மாலி சமூகத்தவர்கள்.

ஒம்பது வயசுல கல்யாணம்னா, எப்பப் படிச்சாக?

கல்யாணத்துக்கு அப்புறம்தான். 1840இல் கல்யாணம் நடந்தபோது சாவித்திரிக்கு ஒன்பது வயது, மாப்பிள்ளை ஜோதிராவுக்குப் பதின்மூன்று. அப்போது சாவித்திரிக்கு எழுத்து தெரியாது. ஜோதிராவ் மிஷன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார். வீட்டிலும் தோட்டத்திலும் வேலை முடிந்த நேரத்தில் அவர்தான் எழுத்து சொல்லிக்கொடுத்தார். ஜோதிராவை வளர்த்த சகுணாபாய் என்ற பெண்மணியும் கூடவே உட்கார்ந்து படித்தார் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். ஒரு வீட்டுக்குள் ஒரு சின்னப் பையன் டீச்சர், இரண்டு பெண்கள் மாணவிகள்.

பிறகு ஜோதிராவின் நண்பர்கள் பாடம் நடத்தினார்கள். ஆசிரியர் பயிற்சிக்காக அகமத்நகரில் சிந்தியா ஃபரார் என்ற அமெரிக்க மிஷனரிப் பெண்மணியிடமும், புனேயில் ஒரு பயிற்சிப் பள்ளியிலும் படித்தார். ஆக, இது 'திடீரென்று டீச்சர் ஆனார்' கதை இல்லை. முறையாகப் பயிற்சி எடுத்தவர்.

அப்ப பெருமையெல்லாம் வீட்டுக்காரருக்குத்தானே? அவரு சொல்லிக்கொடுக்கலைன்னா இவுக ஏது?

வலை பொத்தும் ஓர் அண்ணன் கேட்டது. மறுக்க மாட்டேன், ஜோதிராவ் பெரிய மனிதர். ஆனால் கடல் தொழிலில் ஒன்று பாருங்கள். நீச்சல் சொல்லிக்கொடுத்தது அப்பன்தான். அதற்காக மகன் பிடித்துவரும் மீனையெல்லாம் அப்பன் பிடித்தது என்று யாராவது ஏலக்கடையில் சொல்வார்களா?

எழுத்து சொல்லிக்கொடுத்தது அவர். தினமும் தெருவில் இறங்கி நடந்தது சாவித்திரி. புனேயில் ஆண் ஒருவர் சீர்திருத்தம் பேசினால் திட்டு விழும். பெண் ஒருத்தி பள்ளிக்கூடம் நடத்தப் போனால் என்ன விழும் என்பதைக் கொஞ்சம் கீழே சொல்கிறேன். கணவர் இறந்த பின்னும் ஆறு வருடத்துக்கு மேல் அவர்களுடைய இயக்கத்தில் முன்னால் நின்றார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடம் எங்கன இருந்துச்சு? இப்பவும் இருக்கா?

1848இல், புனே புதவார் பேட்டையில் 'பிடே வாடா' என்ற வீட்டில் தொடங்கியது. வாடா என்றால் நடுவில் முற்றம் வைத்த பெரிய வீடு, நம் பக்கத்து வளவு வீடு மாதிரி. பிடே என்பவர் பிராமணர், ஜோதிராவின் நண்பர், பெண்பிள்ளைகள் படிக்க இடம் கொடுத்தார். சாவித்திரிக்கு அப்போது பதினேழு வயது. நம்மூரில் பிளஸ் டூ படிக்கிற வயது. 1851 வாக்கில் மூன்று பள்ளிகள் நடந்தன, சுமார் 150 பெண்பிள்ளைகள் படித்தார்கள்.

அந்தக் கட்டடம் பல வருடம் இடிந்து கிடந்தது. கோர்ட்டு வழக்கெல்லாம் நடந்து, நினைவகம் கட்டுவதற்காக 2023 டிசம்பரில் மிச்சத்தையும் இடித்துவிட்டார்கள்.

இந்தியாவுலயே மொத டீச்சரம்மான்னு போன்ல வருது. நெசமா?

போனில் வருகிற அளவுக்கு நெசம் இல்லை, ஆனால் பொய்யும் இல்லை. பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி என்பது அதற்கு முன்பே மிஷனரிகள் செய்த வேலை. நம் தமிழ்க் கரையிலேயே தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு, சில வருடங்களுக்குள் பெண்பிள்ளைகளுக்கும் பள்ளி தொடங்கினார். பம்பாயிலும் மிஷன் பள்ளிகள் இருந்தன. சாவித்திரியே மிஷனரியிடம் பயிற்சி எடுத்தவர்தானே (மூன்றாம் கேள்வியில் சொன்னேன்).

வித்தியாசம் எங்கே என்றால், அவையெல்லாம் வெளியிலிருந்து வந்தவர்கள் நடத்தியவை. பிடே வாடாவில் நடந்தது இந்த நாட்டுக்காரர்களே, அதிலும் பெரிய சாதி அல்லாத ஒரு தம்பதி, தங்கள் கையால் நடத்திய பள்ளி. அங்கே பாடம் நடத்தியவர் ஓர் இந்தியப் பெண். இந்த வகையில் அவருக்கு முன் எவரையும் காட்டுவது கஷ்டம். 'முதல்' பட்டம் இல்லாவிட்டாலும் அவர் உயரம் குறையாது என்பது என் கட்சி.

சாணி அடிச்சாகளாமே?

சாணி, சேறு, கல். பள்ளிக்குப் போகும் வழியில் இதெல்லாம் வந்து விழும், வசவு தனி. அதனால் சாவித்திரி பையில் இன்னொரு சேலை வைத்துக்கொண்டு போவார். பள்ளிக்குப் போனதும் அழுக்கான சேலையை மாற்றிவிட்டுப் பாடம் எடுப்பார். திரும்பி வரும்போது மறுபடியும் அந்த அழுக்குச் சேலையையே உடுத்திக்கொள்வார், எப்படியும் விழத்தானே போகிறது!

இதை நான் ஒருநாள் வகுப்பில் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாசிக்குப் போய்விட்டு வந்து மகளைக் கூப்பிட நின்ற ஓர் அக்கா கேட்டுக்கொண்டே இருந்தவர், "மாத்துச் சேலைதானே, நாங்களும்தான் கொண்டுட்டுப் போறோம்" என்றார். உண்மைதான். தீவுப் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகிறவர்கள் விரலில் துணி சுற்றி, காலில் தகடு கட்டி, சேலைக்கு மேலே சட்டை போட்டு இறங்குவார்கள். கரையில் ஒரு பிளாஸ்டிக் பையில் காய்ந்த சேலை காத்திருக்கும். நனைவோம் என்று தெரிந்தே போகிறவர்கள் செய்யும் ஏற்பாடு அது. அந்த அக்கா சொன்ன பிறகு அந்தக் கதையை நான் தியாகக் கதையாகச் சொல்வதை விட்டுவிட்டேன். வேலைக்குப் போகிறவளின் முன்யோசனை, அவ்வளவுதான். இது தினமும் நடந்தது என்பதுதான் பெரிது.

எறிஞ்சவன் யாரு? ஒரு பொம்பளை படிச்சா அவனுக்கு என்ன நட்டம்?

பெரும்பாலும் மேல்சாதிப் பழமைவாதிகள். பெண் படித்தால் புருஷன் செத்துப்போவான், குடும்பம் விளங்காது என்று நம்பிய காலம். இது ஒரு பாதி. மறு பாதி சாதி. இந்தப் பள்ளிகளுக்கு மகார், மாங் என்று தீண்டத்தகாதவர்களாக ஒதுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைகளும் வந்தார்கள். எழுத்து எல்லார் கைக்கும் போய்விட்டால் எழுத்தை வைத்துப் பிழைத்தவர்களுக்கு நட்டம்தான். உங்கள் கேள்விக்கு நேரான பதில் அது.

எதிர்ப்பு தெருவோடு நிற்கவில்லை. மாமனார் கோவிந்தராவ் ஊர்ப்பேச்சுக்குப் பயந்து, பள்ளியை விடு இல்லையென்றால் வீட்டை விடு என்றார். 1849இல் புருஷனும் பெண்டாட்டியும் வீட்டை விட்டார்கள்.

சாவித்திரியின் கூடப்பிறந்தவனே சண்டை பிடித்ததை அவர் கணவருக்கு எழுதிய ஒரு கடிதத்தில் சொல்கிறார். உடம்புக்கு முடியாமல் நாய்காவ் பிறந்த வீட்டில் இருந்தபோது எழுதியது, 1856 அக்டோபர் 10. நீங்கள் இருவரும் மகார், மாங் மக்களுக்காக உழைப்பது பாவம் என்கிறான் தம்பி. அதற்கு இவர் சொன்னதன் சாரம்: நீ ஆட்டையும் மாட்டையும் தடவிக்கொடுக்கிறாய், நாகபஞ்சமிக்கு விஷப்பாம்பைப் பிடித்துப் பால் வார்க்கிறாய், மனிதரைத் தொட மாட்டேன் என்கிறாயே! அம்மா அதைக் கேட்டு அழுதாராம்.

வீட்டை விட்டு வெரட்டுனா எங்க போனாக?

கஞ்ச் பேட்டையில் உஸ்மான் ஷேக் என்ற நண்பரின் வீட்டில் தங்கினார்கள். அந்த வீட்டுப் பெண் ஃபாத்திமா ஷேக். சாவித்திரியோடு சேர்ந்து அவரும் பாடம் நடத்தினார். மாலி வீட்டுத் தம்பதிக்கு ஊரே கதவடைத்தபோது ஒரு முஸ்லிம் வீடு திறந்தது. இதை எங்கள் கரையில் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. புயல் எச்சரிக்கை வந்தால் யார் வீட்டு மாடியில் யார் படுக்கிறோம் என்று இங்கே யாரும் பார்ப்பதில்லை.

அந்த ஃபாத்திமா கற்பனை ஆளுன்னு ஒருத்தர் போட்டிருக்காரே, லாத்தா கேக்குறாக?

கீழக்கரையிலிருந்து தங்கை வீட்டுக்கு வந்த ஒரு லாத்தா கேட்டுவிட்டது. 2025 ஜனவரியில் இப்படி ஒரு பேச்சு இணையத்தில் கிளம்பிப் பெரிதாகச் சுற்றியது. மேலே தம்பி சண்டையைச் சொன்னேனே, 1856ஆம் வருடக் கடிதம், அதிலேயே ஃபாத்திமாவின் பெயர் இருக்கிறது. நான் இல்லாததால் ஃபாத்திமாவுக்கு எவ்வளவு சிரமமாக இருக்கும், ஆனாலும் அவள் முணுமுணுக்க மாட்டாள் என்கிறார் சாவித்திரி. கற்பனை ஆளைப் பற்றி, வேலைப்பளு அதிகமாகிவிட்டதே என்று யாரும் கவலைப்பட மாட்டார்கள்.

ஆனால் ஒன்று. ஃபாத்திமா சொன்னார், பேசினார் என்று நீளநீளமாக வசனம் போட்டு வரும் படங்களை நம்ப வேண்டாம். இருப்பதே கொஞ்சம், அந்தக் கொஞ்சம் போதும்.

அவுககிட்டப் படிச்ச ஒரு புள்ளை பேராச்சும் தெரியுமா? படிச்சு என்ன ஆச்சு?

முக்தா சால்வே. மாங் சமூகத்துப் பெண். புலே தம்பதியின் பள்ளியில் படித்தவள். பதினான்கு வயது வாக்கில் அவள் எழுதிய ஒரு கட்டுரை 1855இல் 'ஞானோதயா' என்ற பத்திரிகையில் வந்தது. மகார், மாங் மக்களின் துயரங்களைப் பற்றிய கட்டுரை.

வேதம் எங்களுக்கு மட்டும்தான் என்று பிராமணர்கள் சொல்கிறார்கள், அப்படியென்றால் எங்களுக்கு மதப் புத்தகமே இல்லை, கடவுளே, எங்கள் மதம் எது என்று கேட்கிறாள். எங்கள் பெண்கள் பிள்ளை பெறும்போது தலைக்கு மேல் கூரை இல்லை, மழையிலும் குளிரிலும் என்ன பாடுபடுகிறார்கள் என்று எழுதுகிறாள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. நல்ல டீச்சர் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி தேவையில்லை.

கவிதை எழுதுனாகன்னீகளே, என்ன கவிதை? காதல் கவிதையா?

முதல் தொகுப்பு 'காவ்ய புலே', 1854இல் வந்தது. அப்போது அவருக்கு இருபத்துமூன்று வயது. பூக்களைப் பற்றி நிறைய: செண்பகம், மல்லிகை வகை, ரோஜா. பூக்காரர் வீட்டு மருமகள் அல்லவா! அதே புத்தகத்தில், சும்மா உட்காராதே, போய்ப் படி, படிப்பில்லாவிட்டால் மிருகமாகிவிடுவோம் என்று ஒடுக்கப்பட்டவர்களை உலுக்கும் பாட்டும் இருக்கிறது. பாடுவதற்கு எளிதான நாட்டு மெட்டு நடையில், சாதாரண மராத்தியில் எழுதினார். நம் ஆத்திசூடி மாதிரி வாயில் நிற்பதற்காக எழுதியவை என்று எனக்குத் தோன்றும்.

இரண்டாவது புத்தகம் 'பாவன் கஷி சுபோத ரத்னாகர்', கணவர் இறந்த பிறகு வந்தது. ஜோதிராவின் வாழ்க்கையைச் செய்யுளில் சொல்வது. 'பாவன்' என்றால் ஐம்பத்திரண்டு. காதல் கவிதை கேட்ட தம்பிக்கு: இதைவிடப் பெரிய காதல் கவிதை உனக்கு என்ன வேண்டும்?

இங்கிலீஷைத் தாயின்னு பாடிருக்காகளாமே. வெள்ளைக்காரனுக்குச் சால்ரா அடிச்சாகளா?

கொஞ்சம் சிக்கலான கேள்வி, கேட்டது கல்லூரிப் பையன். ஆமாம், ஆங்கிலத்தைத் தாய் என்று பாடியிருக்கிறார். பேஷ்வா ஆட்சி முடிந்து நாற்பது வருடம்கூட ஆகாத ஊர் புனே. அந்த ஆட்சியில் சூத்திரர்களும் தீண்டத்தகாதவர்களும் எப்படி நடத்தப்பட்டார்கள் என்பது அவர் பெரியவர்களின் நினைவில் பச்சையாக இருந்தது. கதவு எந்தப் பக்கம் திறந்ததோ அந்தப் பக்கத்தைப் புகழ்ந்தார்.

இதில் எனக்கே முழுச் சம்மதம் கிடையாது. அதே வெள்ளைக்காரன் ஆட்சியில் பஞ்சம் என்ன செய்தது என்று கீழே பார்க்கப் போகிறோம். ஆனால் வயிற்றுப் பசிக்காரனிடம் யார் வீட்டுச் சோறு என்று கேட்பதுபோல, அவரிடம் போய் யார் மொழி என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை.

சாதி மாறி விரும்புனவுகளைக் காப்பாத்துனாகளாமே, அது எப்படி?

1868 ஆகஸ்ட் 29 தேதியிட்ட கடிதத்தில் அவரே எழுதியிருக்கிறார். இதுவும் நாய்காவிலிருந்து. கணேஷ் என்று ஒரு பிராமண இளைஞன், ஊர் ஊராகப் பஞ்சாங்கம் படித்துப் பிழைப்பவன். சார்ஜா என்ற மகார் பெண்ணோடு பழகி, அவள் கர்ப்பமாகிவிட்டாள். ஊர் கூடி இருவரையும் அடித்து இழுத்துக்கொண்டு போனது, கொன்றுவிடுவதாக.

சாவித்திரி ஓடினார். கொன்றால் வெள்ளைக்காரச் சட்டம் உங்களைச் சும்மா விடாது என்று பயம் காட்டினார். கூட்டம் அடங்கியது. இருவரும் ஊரை விட்டுப் போக வேண்டும் என்று மட்டும் நின்றார்கள். அவர்களைப் புனேயில் ஜோதிராவிடம் அனுப்பிவைத்தார். ஆங்கிலேயச் சட்டத்தை அவர் எதற்குப் பயன்படுத்தினார் என்று, முந்தின கேள்வி கேட்ட தம்பி இதைப் படிக்கட்டும். மற்றபடி, இந்தக் கடிதத்தை வகுப்பில் படிக்கும்போது பெரியவர்கள் யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

ஏத்தா, புள்ளைகுட்டி இல்லையா அவுகளுக்கு?

எங்கள் தெரு அப்பத்தா ஒருவருக்கு எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். பெற்ற பிள்ளை இல்லை. ஜோதிராவை இன்னொரு கல்யாணம் பண்ணச் சொல்லி வற்புறுத்தினார்கள், அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

அந்தக் காலத்தில் சின்ன வயதிலேயே தாலி அறுத்த பிராமணப் பெண்களுக்கு மறுமணம் கிடையாது, தலையை மழித்து மூலையில் உட்காரவைப்பார்கள். வீட்டு ஆண்களாலேயே கெடுக்கப்பட்டுக் கர்ப்பமானால் கிணறு, இல்லை பிள்ளையைக் கொல்வது. இவர்கள் தங்கள் வீட்டிலேயே ஓர் இல்லம் தொடங்கி, இங்கே வந்து பெற்றுக்கொள்ளலாம், ரகசியம் காக்கப்படும், பிள்ளையை விட்டுச் செல்வதும் எடுத்துச் செல்வதும் உங்கள் இஷ்டம் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் வந்தார்கள். பிரசவம் பார்ப்பதும் பிள்ளை கழுவுவதும் சாவித்திரி. 1874இல் அப்படி வந்த காசிபாய் என்ற பெண்ணின் பிள்ளையைத் தத்தெடுத்து யஷ்வந்த் என்று பெயர் வைத்தார்கள். அவன் டாக்டரானான். இதைச் சொன்னதும் அப்பத்தா, "பெத்தாத்தான் புள்ளையா" என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டார்.

தாது வருசப் பஞ்சம் அங்கயும் வந்துச்சா?

வந்தது, அதே பஞ்சம்தான். 1876, 77இல் மழை பொய்த்து சென்னை மாகாணமும் பம்பாய் மாகாணமும் சேர்ந்தே வாடின. நம் சேதுச் சீமையில் கண்மாய் எல்லாம் வெடித்து, பாம்பனைத் தாண்டி இலங்கைத் தோட்டத்துக்குச் சனம் போன கதை பெரிய குடும்பங்களில் இன்னும் வழங்குகிறது.

அங்கே சாவித்திரி ஜுன்னர் பக்கத்து ஓத்தூரிலிருந்து 1877 ஏப்ரல் 20 அன்று எழுதிய கடிதம் இருக்கிறது. ஆடுமாடு சாகிறது, தீனி இல்லை, மக்கள் ஊரைக் காலி செய்கிறார்கள் என்கிறார். அவர்களுடைய சத்யசோதக் சமாஜத்தைச் சேர்ந்தவர்கள் நிவாரண வேலை செய்கிறார்கள். வட்டிக்காரர்களோடு தகராறு முற்றி, சமாஜத்து ஆட்களை போலீஸ் பிடித்துக்கொண்டு போகிறது. சாவித்திரி கலெக்டரிடம் நேரே போய் வாதாடுகிறார். ஆட்களை விட்டதோடு, நாலு மாட்டுவண்டி சோளமும் அனுப்பினார் கலெக்டர். கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனுவோடு நின்று பழகிய நம் ஆட்களுக்கு இந்தக் கடைசி வரி மட்டும் நம்ப முடியவில்லை.

சத்யசோதக் சமாஜம்னா என்ன? அதுவும் ஒரு மதமா?

மதம் இல்லை. உண்மையைத் தேடுவோர் சங்கம் என்று பொருள். 1873 செப்டம்பர் 24 அன்று புனேயில் தொடங்கினார்கள். ஐயர் இல்லாமல், வரதட்சணை இல்லாமல் கல்யாணம் நடத்திவைத்தார்கள். நம்மூர்ச் சுயமரியாதைக் கல்யாணத்துக்கு அரை நூற்றாண்டு முந்தியது. தங்கள் வளர்ப்பு மகன் யஷ்வந்துக்கும் 1889இல் அப்படித்தான் முடித்தார்கள்.

புருசனுக்கு அவுகளே கொள்ளிச்சட்டி எடுத்தாகளா?

எடுத்தார். 1890 நவம்பர் 28 அன்று ஜோதிராவ் இறந்தார். உப்புப் போட்டுப் புதைக்க வேண்டும் என்பது அவர் ஆசை, நகராட்சி ஒத்துக்கொள்ளவில்லை. எரிப்பது என்றானதும், தத்துப்பிள்ளை யஷ்வந்த் கொள்ளி வைக்கக் கூடாது என்று பங்காளிகள் மறித்தார்கள். சாவித்திரி சட்டியைத் தானே கையில் எடுத்துக்கொண்டு பாடைக்கு முன்னால் நடந்து, சிதைக்குத் தீயும் வைத்தார்.

இங்கே இதைச் சொல்லும்போதெல்லாம் பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு எழும். முச்சந்தி வரை போய்த் திரும்பிவிடும் வழக்கம் நமக்கு. அதற்கு மேல் சுடுகாட்டுப் பாதையில் நூறு அடி நடப்பது எவ்வளவு தூரம் என்று அவர்களுக்குத்தான் தெரியும். 1893இல் சாஸ்வடில் நடந்த சமாஜ மாநாட்டுக்குத் தலைமை தாங்கியதும் சாவித்திரிதான்.

முத்துலட்சுமி ரெட்டி, பாரதியார் எல்லாம் அவுகளுக்கு முன்னயா பின்னயா?

எல்லாரும் பின்னால். பெரியார் பிறந்தது 1879, பாரதியார் 1882, முத்துலட்சுமி ரெட்டி 1886. பாரதியார் பிறந்தபோது சாவித்திரிக்கு ஐம்பத்தொரு வயது. தேர்வுக்கு இது வராது, ஆனால் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

எப்படிச் செத்துப்போனாக?

பிளேக். 1897 தொடக்கத்தில் புனேயில் கொள்ளைநோய் பரவியது. யஷ்வந்த் ஊருக்கு வெளியே ஹடப்சர் பக்கம் திறந்தவெளியில் ஓர் ஆஸ்பத்திரி அமைத்தார். சாவித்திரிக்கு அறுபத்தாறு வயது, நோயாளிகளைத் தேடிப்போய்க் கூட்டிவருவது அவர் வேலை. முண்டவா என்ற ஊரில் ஒதுக்கப்பட்டவர் குடியிருப்பில் ஒரு பையனுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, அவனை முதுகில் சுமந்துகொண்டே ஆஸ்பத்திரிக்கு வந்தார். நோய் தொற்றியது. மார்ச் 10 அன்று இறந்தார்.

கொரோனா நேரத்தில் எங்கள் ஊரில் யார் வீட்டுக்கு யார் போனோம், யார் போகவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் இந்தக் கேள்விக்குப் பிறகு பெரியவர்கள் அதிகம் எதுவும் கேட்பதில்லை.

ராமநாதபுரத்துக்கும் அவுகளுக்கும் என்ன சம்பந்தம்? எதுக்கு இங்க படம்?

ஒரு சம்பந்தமும் இல்லை. அவர் வாழ்ந்தது புனே, சதாரா பக்கம். சுவரில் ஆணி இருந்தது, படம் கையில் கிடைத்தது, மாட்டினேன். கழற்றச் சொல்லி இரண்டு பேர் வந்தார்கள், கழற்றவில்லை. ஏன் என்பதற்கு மாத்துச் சேலைக் கேள்வியை மறுபடி படியுங்கள்.

அவுக பொறந்தநாளுக்கு லீவு உண்டா டீச்சர்?

மகாராஷ்டிராவில் ஜனவரி 3ஐப் பெண்குழந்தைகள் தினமாகக் கொண்டாடுகிறார்கள். 1998இல் அவர் படம் போட்ட தபால்தலை வந்தது, 2014இல் புனே பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள். நம் மாலை வகுப்புக்கு லீவு கிடையாது. ஐந்தரைக்கு வந்துவிடுங்கள், கூடத்தில் வலை காய்ந்துகொண்டிருந்தால் மட்டும் ஆறு மணிக்கு.